‘சார், கல்ச்சர் எடுத்துட்டு ஆரம்பிக்கலாமா?’

எங்கள் கல்லூரியில் நவம்பர் 18 முதல் 24 வரை எங்கே திரும்பினாலும் நீலம்தான். கிருமிகள் மருந்துக்குக் கட்டுப்படாமல் போவதைப் பற்றிய உலக விழிப்புணர்வு வாரம் அது. கோலப்போட்டி, போஸ்டர் போட்டி, நாடகம், கடைசி நாளில் எல்லோரும் நீல உடையில் நின்று ஒரு போட்டோ. நுண்ணுயிரியல் துறையில் நான் ஆசிரியராகச் சேர்ந்த புதிதில் அந்த வாரப் பொறுப்பு என்னிடம் வந்தது. போஸ்டர்களுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டே போனவள் ஒன்றின் முன்னால் நின்றுவிட்டேன். அழகான படம். கீழே பெரிய எழுத்தில், ‘ஆன்டிபயாடிக்கை அடிக்கடி சாப்பிட்டால் உங்கள் உடம்பு அதற்குப் பழகிவிடும்.’

வரைந்தது இரண்டாம் ஆண்டு எம்.பி.பி.எஸ். மாணவி. அதே மாணவி போன மாதம் இன்டர்னல்ஸில் கிருமிகள் எப்படித் தப்பிக்கின்றன என்று இரண்டு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். மருந்தை வெட்டிப்போடும் நொதி, மருந்தை வெளியே தள்ளும் பம்ப், மருந்து நுழையும் துளையை மூடிக்கொள்வது, மருந்து போய் ஒட்டும் இடத்தையே மாற்றிக்கொள்வது என்று எதையும் விடவில்லை. பழகுவது கிருமிதான், உடம்பு இல்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அது பரீட்சைத் தாளுக்கான தெரிதல். போஸ்டருக்கு என்று உட்கார்ந்தபோது வீட்டில் கேட்டு வளர்ந்த வாக்கியம்தான் கையில் வந்திருக்கிறது.

அவளை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. 2015-இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட 12 நாடுகளில் பொதுமக்களிடம் கேட்டபோது நூற்றுக்கு 76 பேர் உடம்புதான் மருந்துக்குப் பழகிப்போகிறது என்றார்கள். தமிழில் கூடுதலாக ஒரு சிக்கலும் இருக்கிறது. ‘எதிர்ப்பு’ என்ற சொல் நமக்கு நல்ல சொல். நோய் எதிர்ப்பு சக்தி வேண்டும் என்றுதான் நிலவேம்புக் கஷாயம் குடிக்கிறோம், சத்துமாவுக் கஞ்சி கொடுக்கிறோம். அதே ‘எதிர்ப்பு’ ரிப்போர்ட்டில் வந்தால் எப்படிக் கெட்ட செய்தியாகும்? ‘உங்களுக்கு மருந்து எதிர்ப்பு இருக்கு’ என்று ஒரு அம்மாவிடம் சொன்னபோது அவர் முகத்தில் நிம்மதி வந்ததை நானே பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து நோயாளிகளிடம் அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். ‘உங்க உடம்புல இருக்கிற கிருமிக்கு இந்த மருந்து கேக்கலை’ என்கிறேன். மருந்து கேட்பது, கேட்காமல் போவது எல்லாம் நம் ஊர் பேச்சு, யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் பக்கம் பருத்தி போட்டவர்களிடம் இன்னும் சுலபம். ‘காய்ப்புழுவுக்கு ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிச்சா என்ன ஆச்சு?’ என்று கேட்டால் போதும், மீதியை அவர்களே சொல்வார்கள். தப்பிப் பிழைத்த புழு பெருகியது, மருந்து கேட்காமல் போனது.

அந்த வாரம் மருத்துவம், நர்சிங், ஃபார்மசி மூன்று பிரிவு மாணவர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்து ஒரு தாளைக் கொடுத்தேன். பெயர் எழுத வேண்டாம் என்றேன். கேள்வி ஒன்றுதான். ‘வயது 28. ஆட்டோ ஓட்டுநர். மூன்று நாளாக மூக்கொழுகல், தொண்டை கரகரப்பு, இருமல். காய்ச்சல் 100 டிகிரி. நாளைக்கு வண்டி எடுக்கணும் சார், நல்ல மாத்திரையா குடுங்க என்கிறார். என்ன கொடுப்பீர்கள்?’

தாள்களை வாங்கிப் பிரித்தால் மூன்று பிரிவும் ஒரே மாதிரி. அசித்ரோமைசின் மூன்று நாள், அமாக்சிசிலின் கிளாவுலனேட் ஐந்து நாள், செஃபிக்ஸிம். எல்லாம் ஆன்டிபயாடிக், வைரஸுக்குக் கேட்காதவை. காரணம் எழுதியிருந்தவர்கள் ‘ஒரு கவருக்கு’, ‘சேஃப்டிக்கு’, ‘நாளைக்கு வேலைக்குப் போகணும்ல’ என்று எழுதியிருந்தார்கள். ‘வைரஸ்னு தெரியும், ஆனா மாத்திரை குடுக்கலைன்னா வேற டாக்டர்கிட்ட போயிடுவார்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். இன்றைக்கும் எனக்கு அந்தத் தாள்தான் முக்கியம். அந்த மாணவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. அந்த நேரத்தில் வாயைத் திறந்து என்ன சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

அடுத்த நாள், ஹாஸ்டலில் அவரவர் மேசை டிராயரில், பையில் இருக்கும் மாத்திரைகளைக் கொண்டுவரச் சொன்னேன். திட்டமாட்டேன் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் கொண்டுவந்தார்கள். மேசையில் அசித்ரோமைசின் அட்டைகள் குவிந்தன. மூன்றில் ஒன்று மிச்சம், மூன்றில் இரண்டு மிச்சம். ஆஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த மாத்திரை அநேகமாக எல்லோரிடமும் இருந்தது. மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வயிறு போனால் அதுதானாம். ஒரு பொட்டலம் ஓ.ஆர்.எஸ். இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. மூன்று தடவை தண்ணியாகப் போன வயிற்றுக்கு வேண்டியது உப்பும் சர்க்கரையும் சேர்ந்த அந்தத் தண்ணீர்தான், இரண்டு கிருமிக்கொல்லிகள் ஒட்டிய மாத்திரை இல்லை என்று அவர்கள் படித்திருக்கிறார்கள். படித்த இடம் வேறு, டிராயர் வேறு.

ஏன் திட்டவில்லை என்று சொல்ல வேண்டும். அதற்கு என் ஆச்சியைப் பற்றிச் சொன்னால்தான் ஆகும்.

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்த வருஷம் ஆச்சிக்கு 74 வயது. விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது, ‘ஏட்டி, ஒண்ணுக்குப் போனா ஒரு மாதிரி வாடை அடிக்கி, கலங்கலாவும் இருக்கு. படிச்சவ ஒரு மாத்திரை எழுதிக் குடேன்’ என்றாள். எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை, அடிவயிற்று வலி இல்லை. நான் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை எடுத்தேன். சீழ் செல்கள் இருந்தன. நார்ஃப்ளாக்சசின் எழுதினேன். வாடை போனது, இரண்டு மாதத்தில் திரும்ப வந்தது. சிப்ரோஃப்ளாக்சசின் எழுதினேன். அப்புறம் போனிலேயே செஃபிக்ஸிம் சொன்னேன். ‘என் பேத்தி போன்லயே சொகமாக்கிட்டா’ என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கும் பெருமையாக இருந்தது.

எட்டு மாதம் கழித்து ஒரு ராத்திரி குளிர் நடுக்கம், விலாவில் தாங்க முடியாத வலி. சிறுநீரகம் வரைக்கும் தொற்று. இந்தத் தடவைதான் முதன்முறையாகக் கல்ச்சர் போனது, அதாவது சிறுநீரிலுள்ள கிருமியை லேபில் வளர்த்து எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் பரிசோதனை. ஈ. கோலை என்ற பாக்டீரியா வளர்ந்தது. நான் கொடுத்த மூன்று மருந்தும் அதற்குக் கேட்கவில்லை. வாய்வழி மாத்திரைகளில் சிறுநீரகத் தொற்றுக்குக் கொடுக்கக்கூடியது என்று எதுவும் மிஞ்சவில்லை. மெரோபெனம் ஊசி, ஒரு நாளைக்கு மூன்று வேளை, பத்து நாள். மெலிந்த கை. நரம்பு கிடைக்காமல் இந்தக் கையில் இரண்டு நாள், அந்தக் கையில் இரண்டு நாள் என்று மாற்றி மாற்றிக் குத்தினார்கள். ஆச்சி பிழைத்துவிட்டாள். ஆனால் அந்த மூன்று மாத்திரையால்தான் இது வந்தது என்று என்னால் நிரூபிக்கவும் முடியாது, இல்லை என்று மனதைத் தேற்றிக்கொள்ளவும் முடியாது. வயதான பெண்களுக்குத் தொந்தரவு எதுவுமே இல்லாமல் சிறுநீரில் கிருமி இருப்பது சாதாரணம், அதைத் தொடக்கூடாது என்று இரண்டாம் ஆண்டிலேயே படித்திருந்தேன். கர்ப்பிணிகளுக்கும், சிறுநீர்ப் பாதையில் அறுவை செய்யப் போகிறவர்களுக்கும் மட்டும்தான் அதில் முக்கியமான விலக்கு என்பதைக்கூட வைவாவில் சொல்லியிருந்தேன். சொல்லத் தெரிந்தது. ஆச்சி கேட்டபோது ‘வேண்டாம் ஆச்சி’ என்று சொல்லத்தான் தெரியவில்லை.

முதுநிலைக்கு நுண்ணுயிரியல் எடுத்ததற்கு அந்தப் பத்து நாள்தான் காரணம்.

சரி, வகுப்புக்கு வருகிறேன். டிராயர் மாத்திரைகளை எடுத்து வைத்துவிட்டு லேபுக்குக் கூட்டிப் போனேன். கிருமி வளர்க்கும் தட்டுகள், இரண்டு பிளேட். ஒன்றில், தரக்கட்டுப்பாட்டுக்காக எல்லா லேபிலும் வைத்திருக்கும் ஈ. கோலை, எல்லா மருந்தும் கேட்கும் வகை. இன்னொன்றில் எங்கள் மருத்துவமனை வார்டிலிருந்து வந்த கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா. இரண்டிலும் ஒரே மருந்து வில்லைகள், ஒரே ராத்திரி இன்குபேட்டரில். காலையில் முதல் பிளேட்டில் ஒவ்வொரு வில்லையைச் சுற்றியும் வட்டமாகத் தெளிவு, மழை விட்டபின் தேங்கி நிற்கும் குட்டைகள் மாதிரி. இரண்டாவதில் வட்டமே இல்லை. வில்லையின் ஓரம் வரைக்கும் புல் முளைத்த மாதிரி வளர்ந்திருந்தது. ஒன்றிரண்டு வில்லைகளைச் சுற்றித்தான் ஏதோ கொஞ்சம் இடம் விட்டிருந்தது.

பதினைந்து ஸ்லைடு போட்டுச் சொன்னாலும் வராத அமைதி அந்த இரண்டு பிளேட்டைக் கையில் வாங்கிப் பார்த்தபோது வந்தது. பாடம் எடுக்கும் யாராவது இதைப் படித்தால், போஸ்டர் போட்டிக்குச் செலவாகும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்துப் பாருங்கள் என்பேன்.

அப்போது மூன்றாம் ஆண்டு நர்சிங் மாணவி ஒருத்தி கேட்டாள், ‘மேடம், இந்த பேஷன்ட் எந்த வார்டு?’ சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ‘நான் போன வாரம் அங்கதான் டிரெஸ்ஸிங் போஸ்டிங்ல இருந்தேன். பக்கத்து பெட்டுக்கும் நான்தான் டிரெஸ்ஸிங் பண்ணேன்’ என்றாள். குரலில் பயம் இருந்தது. அந்த அறையிலிருந்த மருத்துவ மாணவர்கள் யாருக்கும் தோன்றாத கேள்வி அது. அவர்களுக்கு இது மருந்து எழுதுகிறவரின் பிரச்சினை. கிருமி கை வழியாக நடந்து போகும் என்பதும், ஒரு கிருமி தன்னிடமுள்ள எதிர்ப்பு மரபணுவை பிளாஸ்மிட் என்ற சின்ன டி.என்.ஏ. வளையம் வழியாகப் பக்கத்திலிருக்கும் வேறு இனக் கிருமிக்கே கொடுத்துவிடும் என்பதும் அவர்களுக்குத் தனித்தனிப் பாடங்கள். அவளுக்கு அது இரண்டு கட்டில்களுக்கு நடுவே உள்ள நாலடி இடம். வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் கை கழுவச் சொல்லி 1847-இலிருந்து எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது. ஆனாலும் ஒரு வார்டில் கை கழுவும் திரவப் பாட்டில் காலியாக இருந்தால் ஓடிப்போய் நிரப்புவது இன்னமும் நர்சிங் மாணவிகள்தான்.

அன்று அவளிடம் இன்னொன்றும் சொன்னேன், அதை இங்கேயும் எழுதிவைக்கிறேன். ரத்த கல்ச்சர் பாட்டிலில் பெரியவர்களுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம் வேண்டும், ஒரு செட் அல்ல, இரண்டு இடங்களிலிருந்து இரண்டு செட். பல நேரம் எங்களுக்கு வருவது மூன்று மில்லி. அதில் கிருமி வளரவில்லை என்றால் கிருமி இல்லை என்று அர்த்தமில்லை. சிறுநீர் மாதிரி இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்கு வர வேண்டும், இல்லையென்றால் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். ஜன்னல் திண்டில் மத்தியானம் வரை இருந்த பாட்டிலில் என்ன வேண்டுமானாலும் வளரும், அதற்கும் ஒருவர் மருந்து எழுதுவார். எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் டோஸ் ஏறுவதற்கு முன்னால் மாதிரி எடுக்கப்பட வேண்டும். ஊசியைக் கையில் வைத்திருப்பது நர்ஸ். ‘கல்ச்சர் எடுத்தாச்சா?’ என்று கடைசியாகக் கேட்கக்கூடிய ஆளும் அவர்தான்.

ஃபார்மசி மாணவன் ஒருவன் சாயங்காலங்களில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தபடிதான் படித்தான். வகுப்பு முடிந்ததும் தயங்கித் தயங்கி வந்தான். ‘மேடம், நீங்க சொல்றதெல்லாம் சரி. ஆனா கடையில சீட்டு இல்லாம வந்து ரெண்டே ரெண்டு மாத்திரை வெட்டிக் குடுன்னு கேப்பாங்க. குடுக்கலைன்னா எதிர்க்கடைக்குப் போவாங்க. முதலாளி என்னைத்தான் திட்டுவார்.’ 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ஷெட்யூல் எச் 1 விதிப்படி செஃபிக்ஸிம் மாதிரி மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு வேண்டும், மருத்துவர் பெயரும் நோயாளி பெயரும் எழுத வேண்டும், மூன்று வருஷம் அதைப் பாதுகாக்க வேண்டும் என்பதெல்லாம் அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அட்டையின் சிவப்புக் கோட்டுக்கு, டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாது என்று அர்த்தம் என்பதும் தெரியும். இரண்டு மாத்திரை கேட்டு வருகிறவர் முட்டாள் இல்லை. அன்றாடக் கூலி, டாக்டர் ஃபீஸ், ஒரு நாள் வேலை இழப்பு எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துத்தான் அந்த இரண்டு மாத்திரைக்கு வந்திருக்கிறார். எங்கள் பாடப்புத்தகத்தில் அந்தக் கணக்கு இல்லை.

அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். ‘இல்லை’ என்று சொல்வதற்கு முன்னால் மூன்று கேள்வி. எத்தனை நாளாக இருக்கிறது? மூச்சு வாங்குகிறதா, மலத்தில் ரத்தம் போகிறதா, காய்ச்சல் விட்டுவிட்டு மறுபடி ஏறுகிறதா? வீட்டில் சின்னக் குழந்தை, கர்ப்பிணி, சுகர்க்காரர் யாருக்காவதா இது? ஆபத்து அறிகுறி இருந்தால் இன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவான். இல்லையென்றால் ஓ.ஆர்.எஸ்., பாராசிட்டமால், வெந்நீர் உப்புக் கொப்பளிப்பு. ‘வெறுங்கையோட அனுப்பினாத்தான் மேடம் எதிர்க்கடைக்குப் போறாங்க’ என்றான். எல்லோரும் கேட்கவில்லை. சிலர் கேட்டார்கள். முதலாளி திட்டுவதை நிறுத்தினாரா என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

இப்போது தோற்ற கதை. அந்த வருஷக் கடைசியில் அதே கேள்வித்தாளைத் திரும்பக் கொடுத்தேன். கிட்டத்தட்ட எல்லோரும் சரியாக எழுதினார்கள். மகிழ்ந்துபோனேன். இரண்டு வருஷம் கழித்து அதே மாணவர்கள் ஹவுஸ் சர்ஜனாக வார்டில் நின்றபோது கேஸ் ஷீட்டுகளைப் புரட்டிப் பார்த்தேன். செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி 1 கிராம், காலை, இரவு. அடுத்த ஷீட்டிலும் அதே. டெங்கு வைரஸ் என்று உறுதியான காய்ச்சலுக்கும் அதே. எதற்காக ஆரம்பித்தது, என்றைக்கு நிறுத்துவது, ஒரு வரி இல்லை.

ஒருவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். ‘மேடம், டெங்குவுக்கு வேண்டாம்னு எனக்குத் தெரியும். பி.ஜி. எழுதச் சொன்னார், எழுதினேன். நான் போய் அவர்கிட்ட தப்புன்னு எப்படி மேடம் சொல்றது?’

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. இவர்களுக்கு அறிவு பற்றவில்லை என்று நினைத்து நான் மேலும் மேலும் அறிவைக் கொட்டிக்கொண்டிருந்தேன். பற்றாதது அறிவு அல்ல, வாக்கியம். நம் மருத்துவமனைகளில் ஹவுஸ் சர்ஜன் பி.ஜி.யிடம் (முதுநிலை மாணவரிடம்), பி.ஜி. உதவிப் பேராசிரியரிடம், அவர் யூனிட் சீஃபிடம் என்று ஒரு ஏணி. கீழே நிற்பவர் மேலே பார்த்து ‘தப்பு’ என்று சொல்ல முடியாது. ஆனால் கேள்வி கேட்கலாம். மரியாதையாகக் கேட்ட கேள்விக்கு யாரும் கோபப்படுவது அபூர்வம்.

அதிலிருந்து என் வகுப்பில் பாதி நேரம் பேச்சுப் பயிற்சிதான். இருவர் இருவராக நிற்க வேண்டும், ஒருவர் பி.ஜி., ஒருவர் ஹவுஸ் சர்ஜன். ‘சார், கல்ச்சர் எடுத்துட்டு ஆரம்பிக்கலாமா? அஞ்சு நிமிஷத்துல எடுத்துர்றேன்.’ இந்த ஒரு வாக்கியத்தை வாய் பழகும்வரை சொல்ல வைக்கிறேன். கூடவே ஒரு எச்சரிக்கையும் உண்டு: நோயாளி ரத்த அழுத்தம் விழுந்து, சுயநினைவு தடுமாறிக் கிடந்தால் கல்ச்சருக்காகத் தாமதிக்கக் கூடாது, அங்கே முதல் மணி நேரம் முக்கியம். அடுத்து, ‘சார், நாளை மறுநாள் ரிப்போர்ட் வந்ததும் திரும்பப் பார்க்கலாம்னு ஷீட்ல எழுதிடட்டுமா?’ ஆரம்பித்த காரணம், ஆரம்பித்த தேதி, 48 முதல் 72 மணி நேரத்தில் மறுபரிசீலனை. இந்த மூன்றும் ஷீட்டில் இருந்தால் பாதி மருந்துகள் தானாக நின்றுவிடும் என்பது என் அனுபவம். ‘சார், ஆபரேஷன் முடிஞ்சு 24 மணி நேரம் ஆச்சு, தடுப்புக்குப் போட்ட ஊசியை நிறுத்திடலாமா?’ என்பது அறுவை வார்டுக்கு.

இதில் ஒரு சொல்லோடு நான் வெளிப்படையாகவே சண்டை போடுகிறேன். ‘ஹையர் ஆன்டிபயாடிக்.’ வார்டில் காது புளிக்கக் கேட்கும் சொல். ‘கேக்கலைன்னா ஹையருக்குப் போயிடலாம்.’ மருந்துகள் என்னவோ மாடிப்படி மாதிரி, மேலே ஏற ஏற வீரியம் கூடும் என்று மாணவர் மனதில் படம் விழுந்துவிடுகிறது. அது உண்மை இல்லை. தொண்டையைப் பிடிக்கும் ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு அந்தப் பழைய பெனிசிலின் இன்றைக்கும் கேட்கிறது. மெத்திசிலினுக்குக் கட்டுப்படும் ஸ்டஃபிலோகாக்கஸுக்கு, ‘பெரிய’ மருந்து என்று நினைத்து ஏற்றும் வான்கோமைசினைவிட செஃபசோலின் நன்றாக வேலை செய்யும். மெரோபெனம் ‘ஹையர்’ இல்லை, ‘அகலம்’. அகலமாக வீசினால் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போகும். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் ஆக்சஸ் (முதலில் எடுக்க வேண்டியவை), வாட்ச் (கவனமாகக் கொடுக்க வேண்டியவை), ரிசர்வ் (வேறு வழியில்லாதபோது மட்டும்) என்று மருந்துகளை மூன்றாகப் பிரித்தது இந்தப் படிக்கட்டுப் படத்தை உடைக்கத்தான் என்று நான் மாணவர்களிடம் சொல்வேன். அசித்ரோமைசினும் செஃபிக்ஸிமும் ‘வாட்ச்’ பட்டியலில் இருக்கின்றன என்று சொன்னால் ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் ஒரு சலசலப்பு வரும். அவர்கள் டிராயரில் மிச்சம் கிடந்தது ‘கவனம்’ பட்டியல் மருந்து.

‘கோர்ஸை முழுசா முடிக்கணும்’ என்ற வாக்கியத்தையும் இப்போது நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். காசநோய்க்கு அது கல்லில் எழுதிய மாதிரி. மாத்திரையை நடுவில் விட்டால் எதிர்ப்பு உருவாகும். ஆனால் எல்லாத் தொற்றுக்கும் நீண்ட நாள் மருந்து நல்லது என்று அதற்கு அர்த்தமில்லை. சாதாரண நிமோனியாவில் நோயாளி சீராகத் தேறிவிட்டால் பல நேரம் ஐந்து நாளே போதும். தேவையில்லாமல் ஆரம்பித்த மருந்தை ‘ஆரம்பிச்சாச்சு, முடிச்சிடுவோம்’ என்று ஏழு நாள் இழுப்பதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. ‘டாக்டர் சொன்ன நாள்வரைக்கும் சாப்பிடுங்க, நீங்களா நிறுத்தாதீங்க, மிச்சம் வைக்காதீங்க, அடுத்தவங்களுக்குக் கொடுக்காதீங்க’ என்பது நோயாளிக்கு. ‘எத்தனை நாள் என்று யோசித்து எழுது’ என்பது மருத்துவருக்கு. இரண்டும் வேறு வேறு வாக்கியங்கள்.

ஒரு மாணவன் கேட்டான், இதெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் கண்டுபிடித்துச் சொல்லும் பிரச்சினைதானே என்று. எனக்கு அது வலித்தது. 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வுதான், காசநோயாளியை சானடோரியத்தில் படுக்க வைக்காமல் வீட்டில் வைத்தே கூட்டு மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று உலகத்துக்கு நிரூபித்தது. மெரோபெனம் மாதிரி மருந்தையும் வெட்டிப்போடும் என்.டி.எம்-1 (நியூ டெல்லி மெட்டாலோ பீட்டா லாக்டமேஸ்) என்ற நொதி, டெல்லியில் சிகிச்சை பெற்று சுவீடன் திரும்பிய ஒருவரின் சிறுநீரிலிருந்த கிளெப்சியெல்லாவில் 2008-இல் கண்டறியப்பட்டது. அது இந்தியாவில் எவ்வளவு பரவியிருக்கிறது என்று 2010-இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. பெயரில் டெல்லி இருப்பதைப் பற்றி நாடே சண்டை போட்டது. அந்தச் சண்டைக்கு நடுவே, 2012-இல் மருத்துவ அமைப்புகள் சென்னையில் கூடிப் பேசி ‘சென்னை பிரகடனம்’ என்று ஒரு செயல்திட்டம் தயாரித்தன. உலகத்தில் 2019-இல் மட்டும் மருந்து கேட்காத பாக்டீரியாக்களால் நேரடியாக இறந்தவர்கள் 12.7 லட்சம் பேர் என்ற மதிப்பீட்டை மாணவர்கள் குறித்துக்கொள்வார்கள், பரீட்சைக்கு வரும் என்று. இந்தச் சென்னைக் கதையைச் சொல்லும்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். நம் வீட்டுச் சங்கதி என்று தெரிந்தால் கேட்கும் விதமே வேறு.

அந்த ஆட்டோ ஓட்டுநரிடம் என்ன சொல்வது என்றும் நாங்கள் ஒத்திகை பார்க்கிறோம். முதலில் தொண்டையைப் பார்க்க வேண்டும், கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். பார்க்காமல் சொல்லும் ‘வேண்டாம்’ எடுபடாது. மூக்கொழுகலும் இருமலும் சேர்ந்திருந்தால், டான்சிலில் சீழ் இல்லையென்றால், அது பெரும்பாலும் வைரஸ். ‘நாளைக்கே வண்டி எடுக்கிற மாதிரி எந்த மாத்திரையும் உலகத்துல இல்லைண்ணே. காய்ச்சலுக்கும் வலிக்கும் தர்றேன், ரெண்டு மூணு நாள்ல காய்ச்சல் விடும். இருமல் ரெண்டு மூணு வாரம்கூட இழுக்கும், சளி மஞ்சளா வந்தாலும் பயப்படாதீங்க. மூச்சு வாங்கினாலோ, விட்ட காய்ச்சல் திரும்ப வந்தாலோ அன்னைக்கே வாங்க, நான் பார்க்கிறேன்.’ இதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகும். அசித்ரோமைசின் எழுத ஐந்து விநாடி. புறநோயாளிப் பிரிவில் வரிசை வாசல்வரை நிற்கும்போது அந்த ஒரு நிமிடம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் வாய் பழகியவர்களுக்கு அது நாற்பது விநாடியில் முடிகிறது, அதைப் பார்த்திருக்கிறேன்.

போன மாதம் ராத்திரி பதினொன்றரைக்குப் போன். ஹவுஸ் சர்ஜன் ஒருவன். எலும்பு வார்டில் 70 வயது அம்மா, மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். யாரோ வழக்கம்போல சிறுநீர் கல்ச்சர் அனுப்பியிருக்கிறார்கள், ஈ. கோலை வளர்ந்திருக்கிறது.

‘எரிச்சல் இருக்கா?’ என்று கேட்டேன்.

‘இல்ல மேடம்.’

‘காய்ச்சல்?’

‘இல்ல மேடம். நல்லா சாப்பிடுறாங்க. மருந்து வேண்டாம்னுதான் எனக்கும் தோணுது. ஆனா அவங்க மக ரிப்போர்ட்டைப் பார்த்துட்டாங்க. கிருமி இருக்குன்னு போட்டிருக்கே, ஏன் ஊசி போடலைன்னு கேக்குறாங்க.’

நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுமுனையில் கேஸ் ஷீட் புரளும் சத்தம் கேட்டது.

‘சரி மேடம், நான் அவங்ககிட்ட உக்காந்து பேசிட்டு வர்றேன்’ என்று போனை வைத்தான்.